தூக்காத கைகள்

"தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்!"

நாட்டிலுள்ள தொடக்கப் பள்ளிகளிலெல்லாம் நாள்தோறும் எழும் குரல் இது. குரல் எழுந்த அக்கணமே ஐந்தாறு கைகள் கிளம்பும். அவற்றுள் ஒன்றை ஆசிரியர் சுட்டிக்காட்டுவார், விடை வரும், சரியான விடை! "நன்று" என்பார்; கரும்பலகையைத் துடைப்பார்; அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவார். வகுப்புக்குப் பாடம் விளங்கிவிட்டது என்பது முடிவு. எப்படிக் கிடைத்தது இந்த முடிவு? இருபத்தேழு பிள்ளைகள் இருக்கும் அறையிலே ஒரு பிள்ளை வாய் திறந்ததால் கிடைத்தது! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுக்களைக்குப் பொருந்தும், தோழர்களே! ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ. வகுப்பறை அப்படிப்பட்ட பானையா?

தூக்கிய கைகளைப் பற்றிக் கவலை இல்லை. அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். தூக்காத கைகள் யாருடையவை? அதைத்தான் கேட்கவேண்டும். துள்ளிக் கையுயர்த்தும் பிள்ளை பெரும்பாலும் பேசப் பழகிய வீட்டுப் பிள்ளை. அம்மா படித்தவர், அப்பா அலுவலகம் செல்பவர், விடை பிழைத்தாலும் வீட்டிலே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்கோ பிழைபடப் பேசுவது பேராபத்து. அவன் பாட்டன் வாய் திறந்தபோது, "எதிர்த்தா பேசுகிறாய்?" என்று கேட்ட ஊர் இது. அவன் பாட்டி தெருவிலே ஒதுங்கி ஒதுங்கியே நடந்த ஊர் இது. வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளையைப் பார்த்து, "ஏண்டா, ஊமையா நீ?" என்று கேட்கிறோம். அவன் மௌனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை. பதிவேடு குறிப்பது ஒன்றே ஒன்று: படிப்பு ஏறவில்லை.

ஏறவில்லையாம்! படிப்பென்ன பாம்பின் நஞ்சா, தலைக்கு ஏறுவதற்கு? 'படிப்பு ஏறாது', 'பரம்பரை அப்படி', 'தலையெழுத்து' - இம்மூன்று சொற்களும் கற்பிக்கும் உழைப்பிலிருந்து எத்தனை பேருக்கு எத்தனை காலமாக விடுதலை வாங்கித் தந்திருக்கின்றன!

பழங்கதையிலே ஒரு தேர்வு வருகிறது. மரத்தின் மேலே பொம்மைப் பறவையை வைத்து, வில்லேந்திய மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்கிறார் துரோணர். மரம் தெரிகிறது, உடன்பிறந்தார் தெரிகின்றனர், பறவையும் தெரிகிறது என்கிறான் ஒருவன். "அப்பால் போ" என்கிறார். அடுத்தவனும் அப்படியே, அவனும் அப்பால். பறவையன்றி வேறெதுவும் தெரியவில்லை என்கிறான் அருச்சுனன். ஆசிரியர் உள்ளம் பூரிக்கிறார். கதை சொல்லுவோர் அருச்சுனனின் கூர்த்த பார்வையைப் புகழ்வர். நானோ பள்ளி ஆசிரியை; என் கண் மற்றவர்கள் மேல்தான் போகிறது. மரமும் தெரிகிறது என்றவனை அழைத்து, இலக்கை மட்டும் நோக்குவது எப்படி என்று அன்று மாலையாவது அந்த ஆசிரியர் சொல்லிக்கொடுத்தாரா? நான் கேட்ட கதையிலே அதற்கு இடமில்லை. தேறியவனைப் பொறுக்கி எடுக்க நடந்த தேர்வு அது. தேறாதவனைத் தேற்ற நடந்ததன்று. அதே ஆசிரியர்தான், ஒரு நாளும் பாடம் சொல்லித் தராத ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டார்!

மருத்துவரும் மார்பிலே கருவி வைக்கிறார். படைக்கு ஆள் எடுப்பவரும் மார்பை அளக்கிறார். இரண்டும் அளவைதான். ஆனால் ஒன்று உள்ளே இருப்பவனைக் காக்க. மற்றொன்று வெளியே நிற்கவேண்டியவனை விலக்க. பள்ளியிலே நடக்கும் தேர்வு எவ்வகை என்பதுதான் என் கேள்வி. அண்மைக்காலத்திலே வகுப்பறைக்குள் நுழைந்திருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றி எழுதப் புகுந்த நான், இத்தனை முன்னுரை சொன்னது அதனாலேதான்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேளையில் விடை காட்டும் முறை முற்றிலும் புதிதன்று. நம் மண்ணிலே, மணலிலே அது இருந்தது. சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரர் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து, 1797-இல் இலண்டனிலே நூலாக்கி வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவிற்று. மணலில் எழுதினால், ஆசிரியர் ஒருமுறை நடந்து வந்தால் போதும். எவருடைய எழுத்து கோணல் என்று தெரிந்துவிடும். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் திண்ணைகளிலே சேரிப் பிள்ளைக்கு இடமில்லை. பெண் பிள்ளைக்கும் பெரும்பாலும் இல்லை. முறை நல்ல முறைதான், வாசல்தான் குறுகல்!

மணலுக்குப் பின் கற்பலகை வந்தது. "பலகையைத் தூக்கிக் காட்டுங்கள்" என்றால் இருபத்தேழு விடையும் ஒருங்கே உயரும். அது இன்றும் நல்ல கருவியே. குறை இரண்டு. பக்கத்துப் பிள்ளையின் பலகையை எட்டிப் பார்த்து விடையை மாற்றிக்கொள்ளும் கலை பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. அச்சம் கற்பித்த கலை அது. மற்றொன்று, மாலையிலே வீடு திரும்பும் ஆசிரியருக்கு யார் எதை எழுதினார் என்பது நினைவிலே நிற்காது.

இனி 1953. நம் இயக்கத்தார் மறக்கக்கூடாத ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 11 அன்று, அமெரிக்காவிலே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், தந்தையர் வந்து பார்க்கும் நாளையொட்டித் தம் மகளின் நான்காம் வகுப்புக்குச் சென்று கணக்குப் பாடத்தைக் கவனித்தார். சிலர் கணக்கை முடித்துவிட்டுச் சோம்பலாய்க் காத்திருந்தனர். சிலர் முதல் கணக்கிலேயே முட்டிக்கொண்டிருந்தனர். தாம் எழுதியது சரியா தவறா என்பது எவருக்கும் உடனே தெரியவில்லை. வீடு திரும்பியவர், பிள்ளை விடை தந்த உடனே சரி பார்க்கும் பெட்டியொன்றைச் செய்யலானார். அவருக்கு முன்பே, 1920-களிலே, சிட்னி பிரெஸ்ஸி என்பாரும் அமெரிக்காவிலே அத்தகைய இயந்திரம் செய்திருந்தார். ஒரு தந்தை, தன் மகள் காத்திருக்க நேர்ந்ததே என்று கவலைப்பட்டு இயந்திரம் செய்யப் புகுந்த ஆண்டு அது!

அதே 1953-இலே சென்னை மாநிலத்திலே நடந்தது என்ன? ஆச்சாரியார் ஆட்சி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் வேளையை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கிற்று. மீதி வேளை? அப்பன் தொழிலைப் பழகுக! குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது. சூலையிலே நடந்த மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அதன் நெஞ்சை நோக்கித்தான் பாய்ந்தது. பெரியாரின் கிளர்ச்சி ஊர் ஊராய்ப் பரவிற்று. 1954-இலே ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அங்கே பிள்ளையின் விடை ஒரு நிமிடம் காத்திருக்கலாகாது என்ற கவலை. இங்கே பிள்ளையின் பள்ளி வேளையையே பாதியாக்கலாம் என்ற துணிவு. இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஒரே ஆண்டைத்தான் காட்டின!

ஸ்கின்னரைப் போற்றிவிட்டு நிறுத்தவும் முடியவில்லை. அவர் புறாக்களை வைத்து ஆய்ந்தவர். சரியாகக் கொத்தினால் இரை. மீண்டும் கொத்தினால் மீண்டும் இரை. அந்த முறையைப் பிள்ளைக்கும் பொருத்தினார். சரி என்றால் மேலே செல், தவறு என்றால் மீண்டும் செய் - அவ்வளவுதான். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று அந்தப் பெட்டி கேட்காது. பகுத்தறிவாளர்க்கு அந்த 'ஏன்' இல்லாமல் எப்படி நிறைவு வரும்?

இப்போது என் கையிலுள்ள கருவி. அதைக் கருவி என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஓர் அட்டை, அவ்வளவுதான். 'பிளிக்கர்ஸ்' என்பது அதன் பெயர். பிள்ளைக்கு ஒன்றாகச் சதுர அட்டைகள். ஒவ்வொன்றிலும் கருப்புக் கட்டங்களாலான ஒரு கோலம். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அட்டையின் நான்கு பக்கங்களுக்கும் நான்கு எழுத்துகள். கரும்பலகையில் வினாவும் நான்கு விடைகளும் இருக்கும். பிள்ளை தனக்குச் சரியெனத் தோன்றும் விடையின் எழுத்து மேற்புறம் வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். ஆசிரியர் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் மீது இடமிருந்து வலமாக ஒருமுறை ஓட்டினால் போதும். எந்த எண் எந்த விடை என்று திரையிலே விழுந்துவிடும். எழுத்து மிகச் சிறியது, கோலமோ ஆளுக்கொன்று. ஆதலால் அடுத்தவர் விடையைப் பார்த்துத் திருப்ப இயலாது. பிள்ளையின் கையிலே மின்கருவி எதுவும் இல்லை. மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது. பணக்காரப் பள்ளிகளிலே பிள்ளைக்கொரு பொத்தான் கருவி தருகிறார்கள். அதன் வேலையை இங்கே ஒரு தாள் செய்கிறது.

அச்சிட்ட தாள் ஒரு வாரத்திலே கசங்கிவிடும் என்று, பழைய திருமண அழைப்பிதழ்களின் தடித்த அட்டையிலே ஒட்டினோம். ஒருபுறம் நல்ல நாள், நல்ல நேரம், சுபமுகூர்த்தம். மறுபுறம் கழித்தல் கணக்கு. அந்த அழைப்பிதழ்கள் தம் வாழ்நாளிலே செய்த உருப்படியான பணி இதுவாகத்தான் இருக்கும்! ஆங்கில எழுத்துகளை மறைத்து அ, ஆ, இ, ஈ என்று பொடி எழுத்திலே எழுதினோம். பளபளக்கும் உறை போடலாகாது. வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும். விரலால் கோலத்தை மறைத்தாலும் படியாது. ஓரத்தைப் பிடிக்கப் பழக்க இரண்டு நாள் ஆயிற்று. கைப்பேசி இல்லாத ஆசிரியர் வருந்தவும் வேண்டாம். கண்களை மூடச் சொல்லி, நெஞ்சருகே ஒன்று முதல் நான்கு வரை விரல் காட்டச் சொன்னாலும் முக்கால் பயன் கிடைத்துவிடும். யார் எதைக் காட்டினார் என்ற பதிவு மட்டும் இராது.

சூன் மாதம் பள்ளி திறந்ததும், நான்காம் வகுப்புக்கு வந்த இருபத்தேழு பேருக்கும் முந்தைய ஆண்டுப் பாடத்திலிருந்து ஒரு கணக்கு. 52-இலிருந்து 28 போனால்? விடைகள்: 24, 36, 34, 80.

இந்த நான்கு எண்களையும் சற்றே உற்று நோக்குங்கள், தோழர்களே. 24 சரியான விடை. 80 என்பவர் கழித்தல் குறியைப் பார்க்காமல் கூட்டியவர். 34 என்பவர் பத்தைக் கடன் வாங்கினார். 12-இலிருந்து 8 போக 4 என்று சரியாகவே சொன்னார். ஆனால் கொடுத்த வீட்டிலே ஒன்று குறைந்துவிட்டதை மறந்தார். 36 என்பவர்? 2-இலிருந்து 8 போகாது; ஆகவே 8-இலிருந்து 2-ஐக் கழித்தார்; 6. பிறகு 5-இலிருந்து 2, 3. முப்பத்தாறு. ஒவ்வொரு தவறான விடையும் ஒவ்வொரு வழியின் முடிவிலே இருக்கிறது. வினா அமைப்பவர் அந்த வழிகளை முன்னரே அறிந்திருக்கவேண்டும். ஏதோ மூன்று எண்களை இட்டு நிரப்பினால், எத்தனை உயர்ந்த கருவியானாலும் அது வெறும் தாயக்கட்டைதான்.

கேமராவை ஓட்டினேன். 24 என்றோர் 9 பேர். 34 என்றோர் 5. 80 என்றோர் 2. முப்பத்தாறு என்றோர் 11 பேர்! நாள்தோறும் கையுயர்த்தும் அறுவரிலே மூவர் அந்தப் பதினொருவரிலே இருந்தனர். கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் திருப்பினாலும் இருபத்தேழு பேரிலே ஆறேழு பேருக்குச் சரியான விடை அமையும் என்று கணக்கறிந்தோர் சொல்வர். ஆகவே ஒன்பது என்ற எண் பெரிதொன்றும் சொல்லவில்லை. பதினொன்றுதான் சொல்லிற்று. குருட்டாம்போக்கிலே விடை சொன்னால் தவறுகள் மூன்று பக்கமும் சிதறும். இவை ஒரே இடத்திலே குவிந்தன. பதினொரு பிள்ளைகளும் ஊகிக்கவில்லை, எண்ணினார்கள். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, பிறழாமல், ஒழுங்காக எண்ணித் தவறான விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

பதினொருவரிலே ஒருத்தி கடைசி வரிசைக்காரி. ஒன்பது வயது. மூன்றாண்டுகளாக அந்த வகுப்பிலே அவள் குரலைக் கேட்டவர் குறைவு. மற்றவர் விளையாடப் போன பின் அருகே அமர்த்திக்கொண்டு, "இதை எப்படிப் போட்டாய், சொல்லேன்" என்றேன். நெடுநேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "பெரிய நம்பர்லேருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும் டீச்சர்" என்றாள்.

பொய்யா அது? ஒற்றை எண்களைக் கழிக்கும் பருவத்திலே பிள்ளைகளெல்லாம் கேட்டுப் பழகும் மொழிதான். அவள் அதை நம்பினாள். நம்பியதை ஒவ்வொரு வரிசையிலும் வழுவாமல் கடைப்பிடித்தாள். மண்டையிலே ஏறாதவள் செய்யும் வேலையா இது? ஏறியது இறங்கவில்லை என்பதல்லவா உண்மை!

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். "இதிலிருந்து இருபத்தெட்டு எனக்குக் கொடு." இரண்டு கட்டுகளை எடுத்து வைத்தாள். எட்டு உதிரிக்கு இரண்டுதான் இருக்கின்றன. கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அவுக்கலாமா?" என்று கேட்டாள். அவிழ்க்கலாம் என்றேன். அவ்வளவுதான்! பதினொருவரோடும், 34 என்ற ஐவரோடும் மூன்று நாள் இதே குச்சிகளோடு உழன்றோம். பிறகு வேறு எண்களோடு அதே வகை வினா. சரியான விடை காட்டியோர் 22 பேர். எஞ்சிய ஐவருக்கு இன்னும் சில நாள் பிடித்தது. அவர்களுள் அவள் இல்லை.

பொங்கலுக்கு முன்பு அவள் தந்தை பள்ளிக்கு வந்தார். செங்கல் சூளைக்குப் பணம் வாங்கியாயிற்று, குடும்பத்தோடு புறப்படுகிறார்கள், பெண்ணையும் அழைத்துப்போனால் தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்றார். பாட்டியிடம் விட்டுச் செல்லலாமே என்றேன். "விட்டுட்டுப் போயி என்னங்க டீச்சரம்மா ஆகப்போகுது? எங்க வகையறாவுக்கே கணக்கு வராதுங்க. எனக்கும் வரலை, எங்கப்பனுக்கும் வரலை" என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை, வானத்திலே மேகம் இல்லை என்பதைப்போலச் சொன்னார்.

கணக்கு வராதவராம்! நாளொன்றுக்கு எத்தனை கல் அறுத்தோம் என்று கேட்டால் நூறு பிசகாமல் சொல்கிறார். ஆயிரத்துக்கு என்ன கூலி என்பது மனப்பாடம். வராதது ஒன்றே: வாங்கிய முன்பணத்திலே வாரந்தோறும் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்பது. அதை மேஸ்திரி தம் நோட்டிலே எழுதிக்கொள்கிறார். இவர் கட்டைவிரலை ஊன்றுகிறார். கழித்தல் தெரியாதவர் வீட்டிலே கடன் எப்படி முடியும்? ஏகலைவன் ஒருமுறைதான் கொடுத்தான். இவர் வாரந்தோறும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கைப்பேசியிலே அவள் எண்ணுக்குரிய பதிவைத் திறந்து காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது, ஆகவே மகளையே அழைத்து, "அப்பா பத்தாயிரம் முன்பணம் வாங்கினார். அறுநூற்றைம்பது கழிந்தது. மீதி?" என்றேன். சுவரோரம் அமர்ந்து தரையிலே கரித்துண்டால் எழுதினாள். சுழிகளுக்குள்ளே கடன் வாங்குவது பெரியோரையும் தடுக்கிவிடும், நிதானமாய்ப் போட்டாள். ஒன்பதாயிரத்து முந்நூற்றைம்பது. தந்தை நெடுநேரம் அந்தக் கரிக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப மண்டையிலே கோளாறு இல்லீங்களா?" என்றார். "மண்டையிலே இல்லை ஐயா. ஒரே ஒரு விதியிலே இருந்தது. அதுவும் போய்விட்டது" என்றேன். அவள் பாட்டியோடு ஊரிலே இருக்கிறாள். காலையிலே பள்ளியிலே உணவு, நண்பகலிலே சத்துணவு. இவை இரண்டும் இல்லையென்றால், என் பேச்சுக்கு அந்தக் குடும்பம் இணங்கியிருக்க முடியுமா என்பதும் ஐயமே.

விடையைக் காட்டியபின் உடனே சரியான விடையைச் சொல்லிவிடுவதும் இல்லை. 1990-களின் தொடக்கத்திலே ஹார்வர்டிலே இயற்பியல் கற்பித்த எரிக் மாசூர் கைக்கொண்ட முறை இது: முதலில் அனைவரும் தனித்தனியே விடை காட்டுவர், பிறகு அருகிலிருப்பவரோடு வாதிடுவர், மீண்டும் காட்டுவர். கல்லூரிக்கென வந்த முறை தொடக்கப் பள்ளிக்கும் ஒத்துவருகிறது. மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் நான்கு பெரிய எண்ணாயிற்றே என்று நான்கில் ஒன்றைக் காட்டினர். வாதம் தொடங்கிற்று. "ஒரு கடலை மிட்டாயை மூணு பேரு பங்கு போட்டா உனக்கு நிறைய வருமா, நாலு பேரு போட்டா வருமா?" என்று ஒருவன் முழங்கினான். நான் பேசியிருந்தால் அத்தனை விரைவிலே விளங்கியிராது. மணலிலே எழுதிய காலத்துப் பிள்ளைக்குப் பிள்ளையே ஆசான் என்ற முறைதான் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறது.

இத்தனையும் சொன்னபின் கசப்பையும் சொல்லவேண்டும்.

பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர் கைப்பேசித் திரையைக் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தார். பெயர் பெயராகப் பச்சையும் சிவப்பும்! "இதை வாரந்தோறும் அச்சிட்டுச் சுவரிலே ஒட்டிவிடுங்கள். பெற்றோருக்கும் தெரியட்டும்" என்றார். சிவப்பிலே யார் பெயர் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பிறர் காணாமல் விடை காட்டலாம் என்ற நம்பிக்கையிலேதான் அந்தப் பிள்ளைகள் அட்டையைத் தூக்கினார்கள். அந்த நம்பிக்கையைச் சுவரிலே அறைவதா? ஒட்டமாட்டேன் என்றேன். எந்த வினாவிலே எத்தனை பேர் எந்தப் பிழை செய்தனர், பிறகு என்ன செய்தோம் என்பதை எழுதித் தந்தேன். அவருக்கு அது சுவைக்கவில்லை. தரவரிசை இல்லாத தேர்வு அவர் கண்ணுக்கு உப்பில்லாப் பண்டம்.

அவர் ஒருவரை நோவானேன்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரிலே இதே தமிழ்நாட்டிலே அறிவிப்பு வரவில்லையா? எதிர்ப்புக் கிளம்பி, 2020 பிப்ரவரியிலே அது கைவிடப்பட்டது. 2024 டிசம்பரிலே ஒன்றிய அரசு, தன் பள்ளிகளிலே ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதோரை நிறுத்திவைக்க வழிசெய்தது. தமிழ்நாடு அவ்வழி செல்லாது என்று அறிவித்தது. வடிகட்டும் ஆசை இருக்கிறதே, அது வேறு வேறு பெயரிலே வந்து கதவைத் தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

மதிப்பெண் பிள்ளையைத் தூண்டும் என்பார்க்கு ஒரு செய்தி. இசுரேல் நாட்டு ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இலே வெளியிட்ட ஆய்விலே, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலே ஒரு சாராருக்கு மதிப்பெண் மட்டும் தரப்பட்டது. ஒரு சாராருக்குக் குறிப்புரை மட்டும். இன்னொரு சாராருக்கு இரண்டும். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே ஆர்வம் குன்றாமல் அடுத்த வேலையிலும் முன்னேறினர். இரண்டையும் பெற்றவர்கள்? மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். எண்ணைக் கண்ட கண் எழுத்தைப் படிக்கவில்லை!

2022-இலே தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலே அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்க வழி செய்தனர். அழகான பெயர்கள், நல்ல நோக்கம். அரும்பு மொட்டாகவேண்டும், மொட்டு மலராகவேண்டும் என்பதுதானே அதன் உயிர்? ஆனால், "அவள் அரும்புப் பிள்ளை" என்று ஆண்டு முழுதும் ஒருத்தியை அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். இந்த நாட்டிலே எதைக் கொடுத்தாலும் அதைச் சாதியாக்கிக்கொள்ளும் திறமை நமக்கு உண்டு! ஆகவே என் செயலியிலே பெயர் ஏதும் இல்லை. அட்டை எண் மட்டுமே. எண்ணுக்குரிய பெயர் என் பையிலுள்ள குறிப்பேட்டிலே இருக்கிறது. பிள்ளையின் பெயரும் பிழையும் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியிலே கிடக்கவேண்டிய தேவை என்ன?

கருவி வழிபாட்டுக்கும் நம்மவர் சளைத்தவரல்லர். ஆயுத பூசை நாளிலே வகுப்பறைத் திரைக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவதைக் கண்டிருக்கிறேன்; மறுநாள் முதல் அது உறை போர்த்தியபடி மூலையிலே நின்றதையும் கண்டிருக்கிறேன். பொட்டு வைத்த கருவி கற்பிக்காது. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு மூன்றே வினா. அதற்குமேல் அட்டையை நான் எடுப்பதில்லை. கதை சொல்லவும், பாடவும், மரத்தடியிலே எறும்பு வரிசையைப் பார்க்கவும் அட்டை எதற்கு? கட்டுரை எழுதும் பிள்ளையின் எண்ணத்தை அ, ஆ, இ, ஈ என்ற நான்கு சந்துகளுக்குள்ளே அடைக்கவும் முடியாது.

சென்ற மாதம் ஒரு மாற்றம் செய்தேன். வினாவைப் பிள்ளைகளே அமைக்கவேண்டும். விடை நான்கும் அவர்களே தரவேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்கும் காரணம் சொல்லத் தெரியவேண்டும். முதல் வாரம் கடைசி வரிசைக்காரி ஒரு தாள் கொண்டு வந்தாள். 63-இலிருந்து 27 போனால்? அ: 44. ஆ: 36. இ: 46. ஈ: 90. நாற்பத்து நான்கு யாருக்கு என்று கேட்டேன். "முன்னாடி நான் போட்ட மாதிரி போடுறவங்களுக்கு." நாற்பத்தாறு? "கடன் வாங்கிட்டு மறந்துட்டவங்களுக்கு." தொண்ணூறு?

"அது குறியைப் பாக்காம அவசரமா கை தூக்குறவங்களுக்கு, டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.